சபையின் முன்னால் சாட்சி சொல்லிச் சேர்ந்த செருப்புத் தொழிலாளி

கல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளி ஆற்றங்கரையில் செராம்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஹவுராவில் ரெயில் ஏறினால் சுமார் 20 கிலோ மீட்டர் தூரம். அங்கே ஆற்றைப் பார்த்தபடி, பெரிய பெரிய தூண்களோடு ஒரு கல்லூரிக் கட்டிடம் நிற்கிறது. அந்தக் கல்லூரியை 1818-ம் ஆண்டு தொடங்கியவர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர், தன் வாழ்நாளில் எந்தக் கல்லூரியிலும் மாணவராக இருந்தது இல்லை. இங்கிலாந்து நாட்டில் செருப்பு தைத்துப் பிழைத்தவர்.

அவர் பெயர் வில்லியம் கேரி.

கேரி என்றதும் பலருக்கு அவருடைய அச்சுக்கூடம் நினைவுக்கு வரும். அவர் எழுதிய வங்காள இலக்கணமும் அகராதியும் நினைவுக்கு வரும். உடன்கட்டை ஏறுவதைத் தடுக்கும் சட்டம் 1829-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி பிறப்பிக்கப்பட்டபோது, அதை வங்காளியில் மொழிபெயர்த்தவர் அவர்தான் என்பதும் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால், அவர் எந்த ஒழுங்கில் வளர்ந்தார் என்பது அதிகமாகப் பேசப்படுவது இல்லை. கேரி ஒரு பாப்டிஸ்டு. தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் ஒரு சபையில் சேர்ந்தவர். அந்த ஒழுங்கு அவரைச் சோதித்தது, காத்திருக்க வைத்தது, பிறகு கடல் கடந்து அனுப்பியது. வங்காளத்தில் ஒரு தச்சரும் ஒரு பிராமணரும் ஒரே கிண்ணத்தில் பருகும் நிலைமையையும் அதே ஒழுங்குதான் உண்டாக்கியது.

நெசவாளியின் மகன்

கேரி 1761-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந்தேதி, இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் மாவட்டத்தைச் சேர்ந்த பாலர்ஸ்பரி என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை எட்மண்டு கேரி கைத்தறி நெசவாளி. பிறகு அதே ஊரில் பள்ளி ஆசிரியராகவும், அரசாங்கத் திருச்சபையில் குமாஸ்தாவாகவும் வேலை பார்த்தார்.

வெயிலில் வேலை செய்தால் கேரியின் தோல் புண்ணாகிவிடும். ஆகவே வயல் வேலைக்குப் போக முடியவில்லை. செருப்பு தைக்கும் ஒருவரிடம் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். அங்கே உடன் வேலை பழகிய ஜான் வார் என்ற இளைஞர், அரசாங்கத் திருச்சபையில் சேராத பிரிவினர். தோல் வெட்டிக்கொண்டும் நூல் இழுத்துக்கொண்டும் இருவரும் வாதாடுவார்கள். ஆரம்பத்தில் அலட்சியமாகப் பேசிய கேரி, நாளடைவில் நண்பரின் பக்கம் சாய்ந்தார்.

1781-ம் ஆண்டு டோரதி என்ற பெண்ணை மணந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்டார்.

பாப்டிஸ்டு சபை என்பது என்ன?

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் குழந்தை பிறந்தால், அதற்கு நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அத்துடன் அது திருச்சபையைச் சேர்ந்ததாகிவிடும். யாரும் அதன் சம்மதத்தைக் கேட்பது இல்லை. போதகர் யார் என்பதையும் மேலே உள்ளவர்களே முடிவு செய்வார்கள். ஜனங்களுக்கு அதில் பேச்சு இல்லை.

பாப்டிஸ்டுகள் இதை ஏற்கவில்லை. 1609-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில், இங்கிலாந்தில் இருந்து போன அகதிகள் சிலர் இந்த வழியைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1612-ல் லண்டன் திரும்பிச் சபை அமைத்தார்கள்.

அவர்களுடைய முறை இதுதான்: விவரம் அறிந்த வயதில், தானே விரும்பிக் கேட்பவருக்கு மட்டுமே ஞானஸ்நானம். அதுவும் தெளிப்பது அல்ல. தண்ணீரில் முழுவதும் முழுக்குவது.

முழுக்குப் பெற விரும்புகிறவர் நேராக ஆற்றுக்குப் போய்விட முடியாது. முதலில் சபையாரின் கூட்டத்துக்கு வரவேண்டும். தன் மனம் எப்படி மாறியது என்பதைத் தன் வாயால் சொல்லவேண்டும். சபையார் கேள்வி கேட்பார்கள். அவருடைய நடத்தையைப்பற்றி விசாரிப்பார்கள். திருப்தி ஏற்பட்டால் சேர்த்துக்கொள்வதாகத் தீர்மானம் செய்வார்கள். அதன் பிறகு முழுக்கு. பெயர் சபைப் புத்தகத்தில் ஏறும். அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்தில் இடம் கிடைக்கும்.

வேறு ஊருக்குக் குடிபோனால், பழைய சபையிடம் கடிதம் வாங்கிக்கொண்டுபோய்ப் புதிய சபையில் கொடுக்கவேண்டும். தவறு செய்தால் கூட்டத்தில் விசாரணை உண்டு. திருந்தும்வரை விலக்கி வைப்பார்கள். திருந்தினால் திரும்பச் சேர்ப்பார்கள்.

போதகரைச் சபையாரே தேர்ந்தெடுக்கிறார்கள். பணத்தையும் ஏழைகளையும் கவனிக்கும் உதவிக்காரர்களையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு சபையும் தனித்தனி. மேலே பிஷப் கிடையாது. பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்து சங்கம் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சங்கம் யோசனை சொல்லலாம்; உத்தரவு போட முடியாது.

பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை அன்றைய இங்கிலாந்தில் பெரும்பாலான தொழிலாளிகளுக்குக் கிடையாது. ஆனால், செருப்பு தைப்பவரும் கூலி வேலை செய்பவரும் இந்தச் சிறிய சபைகளில் உட்கார்ந்து, ஒருவரைச் சேர்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்தார்கள்.

கேரிக்கு நடந்த சோதனை

1783-ம் ஆண்டு அக்டோபர் 5-ந்தேதி காலையில், நார்தாம்ப்டன் நகரில் நென் ஆற்றில் கேரி முழுக்கு பெற்றார். கொடுத்தவர் ஜான் ரைலண்டு என்ற இளம் போதகர். அன்று அவருக்கு இது ஓர் ஏழைச் செருப்புத் தொழிலாளியின் ஞானஸ்நானம், அவ்வளவுதான்.

ஆனால் கேரி உடனே எந்த பாப்டிஸ்டு சபையிலும் சேரவில்லை. கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் மட்டும் செய்து வந்தார். பிறகு மோல்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்தியபடி அங்குள்ள சிறு சபைக்கும் பிரசங்கித்தார்.

முறைப்படி ஒரு சபை தன்னைப் போதக ஊழியத்துக்கு அனுப்பவேண்டும் என்பது அவருடைய ஆசை. 1785-ம் ஆண்டு ஜூன் மாதம், ஆல்னி என்ற ஊர்ச் சபையிடம் விண்ணப்பம் செய்தார். அங்கே போதகராக இருந்தவர் ஜான் சட்கிளிப்.

போதகர் நினைத்திருந்தால் சேர்த்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. விண்ணப்பம் சபைக் கூட்டத்துக்கு வந்தது. இவரை எந்த முறையில் சேர்ப்பது என்பதே முதல் விவாதம். முன்பு பழகிய கூட்டத்தாரின் கடிதத்தின்பேரில் சேர்ப்பதா, அல்லது நேரில் வந்து சாட்சி சொல்லச் செய்து சேர்ப்பதா? அன்று முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஜூலை 14-ந்தேதி கேரி சபையின் முன் நின்று தன் வரலாற்றைச் சொன்னார். சபையார் திருப்தி அடைந்து அங்கத்தினராக ஏற்றார்கள். ஜூலை 17-ந்தேதி ஞாயிறு மாலை பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். செய்தார்.

பிரசங்கம் அவர்களுக்கு முழுத் திருப்தி அளிக்கவில்லை. இதுவரை பேசிவந்த ஊர்களில் தொடர்ந்து பேசலாம். ஆனால் எங்கள் முன்னால் இன்னும் சில முறை பேசிக் காட்டவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மனிதருக்கு, ஒரு சிறு பட்டணத்துச் சபை சொன்ன பதில் இது.

கேரி கோபித்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார். 1786-ம் ஆண்டு ஜூன் மாதம் அவரது விஷயம் மீண்டும் கூட்டத்துக்கு வந்தது. இந்தத் தடவை எல்லோரும் ஒருமனதாகச் சம்மதித்தார்கள். ஆகஸ்டு 10-ந்தேதி அவரை ஊழியத்துக்கு அழைத்து அனுப்பினார்கள். 1787-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி மோல்டன் சபையின் போதகராக அவருக்குப் பட்டம் சூட்டப்பட்டது. ரைலண்டும், சட்கிளிப்பும், ஆண்ட்ரூ புல்லரும் அதில் கலந்துகொண்டார்கள்.

போதகரான பிறகும் வருமானம் சொற்பம். குடும்பம் நடத்தச் செருப்பு தைத்தார்.

கலைத்துவிட்டுக் கட்டினார்

1789-ல் லெஸ்டர் நகரத்துச் சபை அவரை அழைத்தது. போய்ப் பார்த்தால் சபைக்குள் ஒரே சச்சரவு. ஒழுங்கு தவறியவர்கள் அங்கத்தினராக இருந்தார்கள். அவர்களை விலக்கினால் இவர்களுக்குக் கோபம். விலக்காவிட்டால் அவர்களுக்குக் கோபம்.

பொறுமையாக முயன்று பார்த்த கேரி, 1790-ல் ஒரு துணிச்சலான யோசனை சொன்னார். சபையையே கலைத்துவிடுவது. பிறகு புதிதாக உடன்படிக்கை எழுதி, அதற்கு உட்பட்டு நடக்கச் சம்மதிப்பவர்களை மட்டும் கொண்டு மறுபடி அமைப்பது. சபையார் ஏற்றார்கள். சிலர் வெளியே நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர்களைக்கொண்டு சபை நிமிர்ந்தது.

இதில் ஒரு செய்தி உண்டு. போதகருக்கு அங்கத்தினர்களை நீக்கும் அதிகாரம் இல்லை. எனவே அவர் அவர்களிடமே போய்ச் சம்மதம் கேட்கவேண்டி இருந்தது. வெளியூரில் சங்கம் வைத்து நடத்தும் நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை புதியதல்ல.

சபை விடைகொடுத்தது

1792-ல் கேரி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். கடல் கடந்து சென்று மதத்தைப் பரப்புவது கிறிஸ்தவர்களின் கடமை என்பது அதன் சாரம். அந்த ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி கெட்டரிங் என்ற ஊரில், ஒரு விதவையின் வீட்டில் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். கொடுப்பதாக வாக்களித்த பணம் 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். புல்லர் செயலாளர்.

யார் போவது என்ற கேள்வி வந்தபோது கேரி முன்வந்தார். லெஸ்டர் சபை திடுக்கிட்டது. கலைத்துக் கட்டிய சபை இப்போதுதான் வேர் விட்டிருக்கிறது. அதற்குள் போதகர் போய்விட்டால் என்ன செய்வது? துக்கப்பட்டார்கள். ஆனால் இந்த வேலைக்காகப் பிரார்த்தித்தவர்கள் அவர்களே. அந்தப் பிரார்த்தனைக்குத் தங்கள் போதகரே விலை என்று தெரிந்ததும் சம்மதம் கொடுத்து அனுப்பினார்கள்.

சம்மதிக்க மறுத்தது மனைவி டோரதி. கர்ப்பமாக இருந்தவர். கடலையே பார்த்திராதவர். கேரி மூத்த மகன் பெலிக்சுடன் புறப்பட்டுவிட்டார். கப்பல் அனுமதித் தகராறால் இறங்க நேர்ந்தது. திரும்பி வந்து கேட்டபோது, தன் தங்கையும் உடன் வந்தால் வருவதாக டோரதி சொன்னார். 1793-ம் ஆண்டு ஜூன் 13-ந்தேதி டென்மார்க் நாட்டுக் கப்பல் ஒன்றில் ஏறி, நவம்பர் 11-ந்தேதி கல்கத்தா சேர்ந்தார்கள்.

சபையில் ஒவ்வொருவரையும் கேட்டு நடந்த மனிதர், தன் வீட்டில் அப்படி நடந்தாரா என்பது இன்றும் எழுப்பப்படும் கேள்வி. டோரதி வங்காளத்தில் மனநிலை பாதிக்கப்பட்டு, பல ஆண்டுகள் அவதிப்பட்டு, 1807-ல் இறந்தார். கேரியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

ஏழு ஆண்டு வறட்சி

கையில் பணம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டும் இல்லை. சுந்தரவனக் காட்டுப்பகுதியில் கொஞ்ச காலம் தவித்தார். பிறகு மால்டா பகுதியில் மத்னாபதி என்ற இடத்தில் அவுரித் தொழிற்சாலை ஒன்றைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. மாதம் 200 ரூபாய் சம்பளம்.

1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். குழி தோண்டவும் பிணத்தைத் தூக்கவும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. தொட்டால் சாதி போய்விடும் என்று பயந்து பலர் விலகினார்கள்.

அவுரி வேலைக்கு நடுவே வங்காளியும் சமஸ்கிருதமும் படித்தார். ஊர் ஊராகப் பேசினார். அங்கே ஒரு சிறு சபையும் அமைத்தார். அதில் இருந்தவர்கள் எல்லோரும் ஐரோப்பியர்கள். ஏழு ஆண்டுகளில் ஒரு வங்காளிகூடச் சேரவில்லை.

ஒரே உலை, ஒரே கணக்கு

1799-ம் ஆண்டு இங்கிலாந்தில் இருந்து ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு முதலியோர் வந்தார்கள். கம்பெனி அவர்களை அனுமதிக்காது. ஆகவே டென்மார்க் அரசுக்குச் சொந்தமான செராம்பூரில் இறங்கினார்கள். தமிழ்நாட்டில் தரங்கம்பாடியும் அப்போது டென்மார்க்கின் வசமே இருந்தது. இரண்டு ஊர்களும் 1845-ல்தான் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.

1800-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி கேரி செராம்பூர் வந்து சேர்ந்தார். எல்லோரும் ஒரே வளாகத்தில் குடியிருந்தார்கள். சமையல் பொது. வருமானம் பொது. தனி வியாபாரம் கூடாது. வீட்டு நிர்வாகம் மாதம் ஒருவராக மாறி மாறி வரும். சனிக்கிழமை மாலை தோறும் கூட்டம். அந்த வாரத்தில் ஒருவர்மேல் ஒருவருக்கு என்ன மனத்தாங்கல் இருந்தாலும் அங்கே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது.

ஏப்ரல் 24-ந்தேதி முறைப்படி சபை அமைத்து, கேரியைப் போதகராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளி கற்பிக்கும் வேலை கேரிக்குக் கிடைத்தது. சம்பளம் 500 ரூபாய். 1807-ல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. அது அந்தக் காலத்தில் பெரிய தொகை. கேரி தன் குடும்பத்துக்கு எடுத்துக்கொண்டது 40 ரூபாய். கல்லூரிக்கும் கவர்னர் மாளிகைக்கும் போக நல்ல உடை வேண்டுமே என்று மேற்கொண்டு 20 ரூபாய். மீதி எல்லாம் பொதுக் கணக்கில் சேர்ந்தது.

தச்சர் கிருஷ்ண பால்

செராம்பூரில் கிருஷ்ண பால் என்று ஒரு தச்சர் இருந்தார். 1800-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்து தோள் மூட்டு விலகிவிட்டது. மிஷனில் இருந்த டாக்டர் ஜான் தாமஸ் மூட்டைச் சரிசெய்து கட்டினார். அந்தப் பழக்கத்தில் கிருஷ்ண பால் அவர்களிடம் வந்து போகலானார். நண்பர் கோகுலும் உடன் வந்தார்.

டிசம்பர் 22-ந்தேதி இருவரும் மிஷன் வீட்டில், எல்லோர் அறிய உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு வேளைச் சாப்பாடுதான். ஆனால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். அந்த நிமிடத்தோடு சாதி போயிற்று.

கிருஷ்ண பால், அவர் மனைவி ராசமயி, மனைவியின் தங்கை ஜெயமணி, கோகுல் ஆகியோர் சபையின் முன் வந்தார்கள். ஆல்னியில் கேரி நின்றதுபோல இவர்களும் நின்று, தங்கள் மனம் மாறிய விதத்தைச் சொன்னார்கள். கேரியின் மகன் பெலிக்சும் அவர்களோடு ஒருவனாக நின்று சாட்சி சொன்னான். போதகரின் மகன் என்பதற்காக அவனுக்குத் தனி வழி இல்லை. பிறப்பால் யாரும் உள்ளே வர முடியாது என்ற விதி அவனுக்கும் பொருந்தியது.

செய்தி பரவியதும் பெருங்கூட்டம் திரண்டது. கிருஷ்ண பாலையும் கோகுலையும் டேனிஷ் அதிகாரியிடம் இழுத்துப் போனார்கள். அவர் குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார். மகளை நிச்சயித்த இடத்தில் கொடுக்க மறுக்கிறார் என்று அடுத்த புகார் வந்தது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கட்டாயப்படுத்த முடியாது என்று பதில் வந்தது.

உறவினரின் கண்ணீரும் ஊராரின் மிரட்டலும் தாங்காமல் மற்ற மூவரும் தயங்கிப் பின்வாங்கினார்கள். கிருஷ்ண பால் மட்டும் நின்றார்.

டிசம்பர் 28-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை. ஹூக்ளிப் படித்துறையில் ஐரோப்பியர்கள், வங்காளிகள், முஸ்லிம்கள் எல்லோரும் கூடினார்கள். டேனிஷ் கவர்னரும் வந்திருந்தார். கேரி ஒருபுறம் மகனையும் மறுபுறம் தச்சரையும் அழைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். இந்த நதி நீரில் தெய்வீகம் ஏதும் இருப்பதாகத் தாங்கள் கருதவில்லை என்று கூட்டத்துக்கு முதலில் விளக்கினார். மகனை ஆங்கிலத்தில் வார்த்தை சொல்லி முழுக்கினார். கிருஷ்ண பாலை வங்காளியில் சொல்லி முழுக்கினார். கவர்னர் கண்கலங்கினார்.

அதே நேரத்தில், டாக்டர் தாமஸ் மகிழ்ச்சி மிகுதியால் புத்தி தடுமாறி ஓர் அறையிலும், டோரதி மற்றோர் அறையிலும் அடைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நாளின் மறுபக்கம் அது.

சில வாரங்களில் ஜெயமணி முழுக்கு பெற்றார். பிறகு ராசமயி. சில மாதங்கள் கழித்துக் கோகுல். தயங்கியவர்களை யாரும் துரத்தவில்லை. அவர்கள் தாமாக வரும்வரை சபை காத்திருந்தது.

ஒரே கிண்ணம்

அடுத்து வந்தவர்கள் பல சாதியினர். 1802-ல் காயஸ்தரான பீதாம்பர் சிங் சேர்ந்தார். 1803-ல் கிருஷ்ண பிரசாத் என்ற பிராமண இளைஞர் முழுக்கு பெற்றார். இப்போது ஒரு கேள்வி எழுந்தது. திருவிருந்தில் ஒரே கிண்ணம் கைமாறி வரும். தச்சர் பருகிய பிறகு பிராமணர் பருகுவாரா?

தமிழ்நாட்டில் தரங்கம்பாடி, தஞ்சாவூர் முதலிய இடங்களின் புராட்டஸ்டண்டு சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்காரும் வழக்கம் பல்லாண்டு நீடித்தது. ஆங்கிலத் திருச்சபையின் கீழ் வந்த சபைகளில் அதை நிறுத்தும்படி பிஷப் டேனியல் வில்சன் உத்தரவிட்டது 1833-ல். அப்போதும் பெரிய தகராறு நடந்தது.

செராம்பூரில் முதல் நாளில் இருந்தே ஒரு முடிவு செய்துவிட்டார்கள். சாதியை வெளியே விட்டுவிட்டு வருபவருக்கே சபையில் இடம். கிருஷ்ண பிரசாத் தச்சருக்குப் பிறகு அதே கிண்ணத்தில் பருகினார். அது மட்டும் அல்ல. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் கிருஷ்ண பாலின் மகளை மணந்தார். பிராமணர் தச்சர் வீட்டு மருமகன் ஆனார்.

1803 அக்டோபரில் கோகுல் இறந்தார். அதுவரை கிறிஸ்தவர்களின் பிணத்தைத் தூக்கக் கூலிக்கு ஆள் பிடிப்பது வழக்கம். செராம்பூர் சபை அதை ஏற்கவில்லை. நம்மைச் சேர்ந்தவரை நாமே சுமப்போம் என்று முடிவு செய்தது. சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் நான்கு பேர். மார்ஷ்மன் ஒருவர். பெலிக்ஸ் கேரி ஒருவர். பைரவ் என்ற பிராமணர் ஒருவர். நான்காமவர் முஸ்லிமாக இருந்து சேர்ந்த பீரு. தெருவில் நின்ற ஜனங்கள் வாயடைத்துப் பார்த்தார்கள். மகன் பீட்டரின் பிணத்தைத் தூக்க ஆள் தேடி அலைந்த கேரிக்கு, ஒன்பது ஆண்டு கழித்து அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவை இல்லை.

எழுதி வைத்த ஒழுங்கு

1805-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மிஷன் சகோதரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 11 பிரிவுகள் கொண்டது. ஆண்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு நிலையத்திலும் அதைப் படிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியச் சபைகள் தங்கள் போதகரையும் உதவிக்காரரையும் தங்கள் நாட்டவரில் இருந்தே தேர்ந்தெடுக்கவேண்டும் என்று அதில் எழுதினார்கள். வெள்ளைக்காரர் ஆலோசனை சொல்லி மேற்பார்வை பார்க்கலாம். போதகராக அமர்ந்துகொள்ளக் கூடாது.

எழுதியபடி எல்லாம் நடந்துவிடவில்லை. பணமும் அச்சுக்கூடமும் ஐரோப்பியர் கையில் இருந்தவரை, மேற்பார்வை என்பது பல இடங்களில் அதிகாரமாகவே இருந்தது. ஆயினும், ஊர் மக்களே சபையை நடத்தவேண்டும் என்பதை 1805-லேயே எழுத்தில் வைத்தது சாதாரணம் அல்ல.

சேர்ந்தவர்கள் எல்லோரும் உத்தமர்களாக இருக்கவும் இல்லை. சண்டை, பொய், ஒழுக்கக்கேடு என்று புகார்கள் வந்தன. சபை விசாரித்தது. சிலரை நிறுத்தி வைத்தது. வருந்தித் திரும்பியவர்களை மறுபடி சேர்த்தது.

திருவிருந்தில் பாப்டிஸ்டு அல்லாத கிறிஸ்தவரைச் சேர்க்கலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு சமயம் சேர்த்தார்கள். பிறகு 1811-ல் முழுக்கு பெற்றவர்களுக்கு மட்டும் என்று திரும்பினார்கள்.

1806-ம் ஆண்டு ஜூலை 10-ந்தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கலகம் வெடித்தது. அதன் அதிர்ச்சி கல்கத்தாவையும் தாக்கியது. மத விஷயத்தில் கை வைத்தால் ஆபத்து என்று பயந்த அரசாங்கம், கேரியை அழைத்துப் பிரசாரத்தை நிறுத்தச் சொன்னது. சில காலம் கெடுபிடி நீடித்தது. பிறகு தளர்ந்தது. கல்கத்தா லால் பஜாரில் அவர்கள் கட்டிய ஆலயம் 1809-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி திறக்கப்பட்டது.

1812-ல் அமெரிக்காவில் இருந்து அடோனிராம் ஜட்சன் என்ற பாதிரியார் வந்தார். குழந்தைப் பருவத்தில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர். கப்பலிலேயே படித்து யோசித்து மனம் மாறி, முழுக்கு வேண்டும் என்று கேட்டார். செப்டம்பர் 6-ந்தேதி லால் பஜார் ஆலயத்தில் வார்டு அவருக்கும் அவர் மனைவிக்கும் முழுக்கு கொடுத்தார். படித்தவர், பட்டம் பெற்றவர் என்பதால் விலக்கு இல்லை. தச்சருக்கு என்ன வழியோ அதே வழிதான் அவருக்கும்.

அதே ஆண்டு மார்ச் 11-ந்தேதி செராம்பூர் அச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்தது. கையெழுத்துப் பிரதிகளும் பல மொழி எழுத்துக்களும் அழிந்தன. புதிதாக வார்த்த தமிழ் எழுத்துக்களும் அவற்றில் உண்டு. சில மாதங்களில் மறுபடி வார்த்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

கடைசிக் காலத்துப் பிளவு

1815-ல் புல்லர் இறந்தார். இங்கிலாந்தில் சங்கத்தை நடத்தப் புதியவர்கள் வந்தார்கள். செராம்பூர் சொத்துக்கள் யாருடைய பொறுப்பில் இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். பெரும்பகுதி எங்கள் உழைப்பால் வந்தது. தூரத்தில் இருப்பவர்கள் எங்களை ஆள முடியாது என்று மூவரும் சொன்னார்கள்.

ஆனால் அவர்கள் பக்கமும் குறை இருந்தது. பின்னால் வந்த இளைஞர்கள், எல்லாவற்றையும் மூன்று பெரியவர்களே முடிவு செய்கிறார்கள். எங்கள் பேச்சு எடுபடவில்லை என்று வருந்தினார்கள். அவர்கள் பிரிந்து கல்கத்தாவில் தனியாக வேலை தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கேரியின் சொந்த அண்ணன் தம்பி பிள்ளையான யூஸ்டஸ் கேரி. எல்லோருக்கும் ஓட்டு என்று தொடங்கிய வீட்டிலேயே ஓட்டுக்காகச் சண்டை வந்தது கேரியை வாட்டியது.

1827-ல் செராம்பூரும் சங்கமும் முறைப்படி பிரிந்தன. கேரியின் மறைவுக்குப் பிறகு, 1837-ல்தான் மீண்டும் சேர்ந்தன.

கிருஷ்ண பால் 1822-ல் காலராவில் இறந்தார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் பல ஊர்களில் பிரசங்கியாக உழைத்தவர். அடுத்த ஆண்டு வார்டும் இறந்தார்.

கேரி 1834-ம் ஆண்டு ஜூன் 9-ந்தேதி, 72-வது வயதில் செராம்பூரில் காலமானார். 41 ஆண்டுகளில் ஒரு தடவைகூட இங்கிலாந்து திரும்பவில்லை. சம்பாதித்த லட்சக்கணக்கான ரூபாயில் தனக்கென்று அவர் சேர்த்து வைக்கவில்லை. ஆடம்பரம் இல்லாத கல்லறை போதும் என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். செராம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில் அது இருக்கிறது.

லால் பஜார் ஆலயம் இன்று கேரி பாப்டிஸ்டு சபை என்ற பெயரில் கல்கத்தாவின் பவ் பஜார் பகுதியில் இருக்கிறது. அது ஒரு சபையின் கதை. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அதில் மதம் தெரியும். மற்றவர்களுக்கும் ஒன்று தெரியும். படிப்பும் பணமும் இல்லாத சாதாரண மக்கள், ஒருவரையொருவர் விசாரித்து, பொறுத்து, ஓட்டெடுத்துத் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்த முடியும். அதற்குக் கொடுக்கவேண்டிய விலை, தன் முறை வரும்வரை காத்திருப்பதும், தனக்கு ஒரு விதி பிறருக்கு ஒரு விதி என்று வைக்காமல் இருப்பதும். கேரி வென்ற இடங்களிலும் சறுக்கிய இடங்களிலும் தெரிவது அதுதான்.